தமிழ் எழுத இங்க் பேனா: நிப்பு முதல் மூங்கில் வரை

பால்பாயிண்ட்டில் பழகிய கை இங்க் பேனாவை எடுத்ததும் செய்யும் முதல் தவறு அழுத்துவது. பால்பாயிண்ட்டில் முனையில் உள்ள குண்டு உருண்டால்தான் மை வரும், அதற்கு அழுத்தம் வேண்டும். இங்க் பேனாவில் நிப்பின் நடுப்பிளவு வழியாக மை தானே இறங்கி நுனியில் காத்திருக்கிறது. தாளைத் தொட்டதும் தாளே அதை இழுத்துக்கொள்ளும். கைக்கு மிச்சம் இருப்பது வழிகாட்டும் வேலைதான். இது பழகிவிட்டால் விரல் வலிக்காமல் நான்கு பக்கம் எழுதலாம், நிப்பு தாளில் போகும் மெல்லிய சரசரப்பைக் கேட்டுக்கொண்டே. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இரண்டு காரியத்துக்காக: அழுத்தத்தைக் குறைப்பது, தமிழ் எழுத்தின் சுழிகள் அடைந்துபோகாமல் காப்பது.

அழுத்துகிறோமா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எழுதிய தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரல்நுனியால் தடவுங்கள். எழுத்து மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்துகிறீர்கள். முதல் ஒரு மாதம் தினமும் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது.

பேனா

தமிழுக்கு மெல்லிய நிப்பே ஏற்றது. கோடு போட்ட நோட்டில் இரண்டு கோடுகளுக்கு இடையே ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும். அதில் எழுத்தின் உடம்புக்கு 3 மி.மீ., கி, டி போன்றவற்றின் மேல்விலங்குக்கும் புள்ளிக்கும் 2, கீழே இறங்கும் வாலுக்கு 2 போனால் மிச்சம் ஒன்றுதான். மூன்று சுழி ண-வை அந்த 3 மி.மீ. உயரத்தில் 0.8 மி.மீ. கனமுள்ள கோட்டில் எழுதினால் சுழிகள் அடைந்து கறுப்புப் பொட்டாகிவிடும். 0.5 மி.மீ. கோடு விழும் பைன் நிப்பில் சுழி திறந்து நிற்கும். மீடியம் நிப்பு வைத்திருப்பவர்கள் ஒரு வரி விட்டு ஒரு வரி, எழுத்தைப் பெரிதாக்கி எழுதலாம்.

கடையிலேயே நிப்பின் நுனியை வெளிச்சத்தில் நேருக்கு நேர் பாருங்கள். நடுப்பிளவின் இரு பக்கமும் உள்ள இதழ்கள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு படுக்கவைத்த 8 வடிவத்தை நிறுத்தாமல் பத்து முறை போடுங்கள். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வழுக்கினால் நல்ல நிப்பு. ஒரு திசையில் மட்டும் கீறினால் ஒரு இதழ் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். தூக்கியிருக்கும் இதழைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீழே அழுத்தி ஐந்து விநாடி பிடித்துவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகும். நிப்பை உப்புத்தாளில் தேய்க்கவே கூடாது. நுனியில் பற்றவைத்திருக்கும் கடின உலோகக் குண்டு தேய்ந்துவிட்டால் அந்த நிப்புக்கு மறுவாழ்வு இல்லை.

மையும் தண்ணீரும்

கேமல், பிரில் போன்ற சாதாரணப் பேனா மை எதுவும் போதும். ராயல் புளூ தண்ணீர் பட்டால் கரையும், அதனால் தபால் உறையில் விலாசம் எழுத உதவாது. துணியில் பட்டாலும் துவைத்தால் போய்விடும் என்பதால் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஒரு கம்பெனி மையோடு இன்னொன்றைக் கலக்காதீர்கள். சில கலவைகள் திரிந்து வண்டலாகி, நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையின் மயிரிழைத் தடங்களை அடைத்துவிடும். ஓவியத்துக்கு விற்கும் இந்தியன் இங்க்கில் அரக்கு இருப்பதால் பேனாவுக்குள் காய்ந்தால் கல்லாகிவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்களான நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கழுவும் தண்ணீர். இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு பிரச்சினை இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் கூடியது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு நிப்புக் கட்டையின் தடங்களிலும் படியும். மாதம் ஒரு முறை தவறாமல் கழுவியும் பேனா நின்று நின்று எழுதுகிறது என்றால், அந்தக் கழுவலே காரணமாக இருக்கலாம். கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பயன்படுத்துங்கள். ஒரு டம்ளரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் விளக்கும் திரவம் விட்டு, நிப்புப் பகுதியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நிறம் போகும்வரை அலசி, மெல்லிய பருத்தித் துணியில் நிப்பு கீழ்நோக்க நிறுத்தி ஓர் இரவு வையுங்கள். சுடுதண்ணீர் கட்டையை வளைத்துவிடும். ஸ்பிரிட் சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விழவைக்கும். இரண்டும் வேண்டாம்.

மையை நேராக உடற்குழாயில் ஊற்றும் பேனாக்கள் லீக் அடிப்பதாகப் பலரும் குறைப்படுவார்கள். உள்ளே மை கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் மீதி இடமெல்லாம் காற்றாகிவிடுகிறது. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். சித்திரை வெயிலில் இது இன்னும் அதிகம். கால்வாசி மிச்சம் இருக்கும்போதே நிரப்பிவிட்டால் போதும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பஸ்ஸில் போகும்போது 300 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம், வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. பாதி மையோடு நிப்பு கீழாகச் சொருகிய பேனா அந்த வழியில் சட்டைப் பையை நனைக்கும். நிப்பு மேலே பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். மரையில் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவினால் கழுத்து வழியாகக் கசியாது.

தாள்

நல்ல பேனாவையும் கெட்ட பெயர் எடுக்கவைப்பது தாள்தான். தாள் தயாரிக்கும்போது சேர்க்கும் பசை குறைவாக இருந்தால் மை நார் வழியாக ஓடி, எழுத்தின் ஓரம் மயிர் முளைத்த மாதிரி ஆகும். பின்பக்கமும் ஊறும். மலிவான நோட்டுகள் 54, 58 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவில் வருகின்றன. ஜெராக்ஸ் தாள் 70, 75, 80-இல் கிடைக்கிறது. கனம் கூடினால் ஊறாது என்று நினைக்க வேண்டாம். 80 தாளிலும் மை பரவுவது உண்டு, பசை நன்றாக ஏறிய 60 தாளில் கோடு கத்தி மாதிரி நிற்பதும் உண்டு. கரூர் மாவட்டம் புகளூரில் டி.என்.பி.எல். காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாளையும் ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

சோதனை இப்படி: தாளில் ஒரு கூட்டல் குறி போடுங்கள், பக்கத்தில் நிப்பை மூன்று விநாடி அசையாமல் வைத்து எடுங்கள். கூட்டலின் நான்கு முனைகளும் கூர்மையாக இருந்து, பொட்டு பின்பக்கம் தெரியாமல் இருந்தால் வாங்கலாம். எழுதும்போது உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் மை பிடிக்காமல் விட்டுவிட்டு எழுதும். பேனா கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் நிப்பை மாற்றுவது இதனால்தான்.

பிடி

பேனாவைத் தாளுக்கு 45 முதல் 55 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். பால்பாயிண்ட் மாதிரி நெட்டுக்குத்தாகப் பிடித்தால் நிப்பு கீறும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவிரல் தாங்கட்டும். முழங்கை மேசையில் இருக்க வேண்டும். நோட்டை அசைக்காமல் வைத்து வரி முடியும்வரை மணிக்கட்டை மட்டும் வளைத்து எழுதினால், வரியின் கடைசி எழுத்துகள் சாய்ந்துவிடும். கையை முழுசாக நகர்த்திக்கொண்டு போங்கள்.

எழுத்துகள்

எழுத்துகளை அகரவரிசையில் பழக வேண்டாம். கை அசையும் விதத்தை வைத்துப் பிரித்துக்கொண்டால் சீக்கிரம் வசப்படும்.

முதலில் மூலை எழுத்துகள்: ட, ப, ம, ய. கீழே இறங்கிய கோடு வலது பக்கம் திரும்பும் இடத்தில் அரை மாத்திரை நிற்க வேண்டும். பேனாவை எடுக்கவும் கூடாது, வளைத்து ஓடவும் கூடாது. ஓடினால் ப ஒரு கிண்ணம் மாதிரி ஆகிவிடும். அதிக நேரம் நின்றால் மூலையில் மை திரளும். இரண்டு கோடு நோட்டில் தினம் இரண்டு வரி ட, இரண்டு வரி ப எழுதினால் பத்து நாளில் கை நிதானப்படும்.

அடுத்து சுழிகள். இங்கேதான் கையெழுத்து நிற்பதும் விழுவதும். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாலும், வேகத்தில் மூன்றாவது சுழி காணாமல் போய் மணம் மனமாகிவிடுகிறது. சுழிக்குள் தெரியும் வெள்ளை, கோட்டின் கனத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் அ, ஆ, ல, வ, ள, ஞ எல்லாம் தானாகத் தெளிவாகும். ண-வுக்கு அகலம் கொடுக்கத் தயங்காதீர்கள். அது ன-வை விட ஒன்றரை மடங்கு இடம் கேட்கும் எழுத்து. மற்ற எழுத்துகளின் அகலத்திலேயே அதை நெருக்கிப் பிழிவதால்தான் சுழி அடைகிறது.

வால் எழுத்துகளான த, ந, ழ, ற, இவற்றோடு கு, ரு, மு எல்லாம் கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை முதல் வரியிலேயே முடிவு செய்துகொண்டு அதையே கடைசிவரை காப்பாற்ற வேண்டும். ஒரு வால் நீளம், ஒரு வால் குட்டை என்றிருந்தால் பக்கம் முழுவதும் கலைந்து தெரியும். த-வின் வால் கோட்டைத் தாண்டாவிட்டால் க மாதிரி தோன்றும்.

துணைக்காலுக்கும் ர-வுக்கும் வித்தியாசம் அடியில் விழும் சாய்ந்த கீற்று மட்டுமே. எ-வை ஏ ஆக்குவதும் அதே போன்ற கீற்றுதான். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு விஷயத்திலும் கவனம் தேவை. எ, ஏ மற்றும் ஒ, ஓ குறில் நெடில் வேறுபாட்டை எழுத்தில் தெளிவாகக் காட்டும் வடிவங்கள் வீரமாமுனிவர் காலத்துச் சீர்திருத்தத்தில் வந்தவை. இரட்டைக்கொம்பின் சின்ன மேல்சுழியை மறந்தால் தேன் தென் ஆகிவிடும்.

புள்ளியை, சொல் முடிந்ததும் இடமிருந்து வலமாக உடனே வையுங்கள். வரி முடியட்டும் என்று காத்திருந்தால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். தொட்டு உடனே எடுக்க வேண்டும். நிப்பு நின்றால் புள்ளி பொட்டாகும். எழுத்தின் நடு உச்சிக்கு மேலே, எல்லாப் புள்ளியும் ஒரே உயரத்தில். ஒரு பக்கம் ஒழுங்காகத் தெரிவதற்குப் புள்ளிகளின் வரிசை எவ்வளவு காரணம் என்பது, பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் புரியும்.

ஊர்ப் பெயர்களில் பயிற்சி

பயிற்சிக்கு நம் இரண்டு மாவட்டத்து ஊர்ப் பெயர்களைவிட நல்ல பாடம் கிடைக்காது. பாப்பிரெட்டிப்பட்டி என்று எழுதிப் பாருங்கள். ப-வும் ட-வும் மாறி மாறி வந்து மூலைகளைச் சோதிக்கும். நான்கு புள்ளிகள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், மூன்று மேல்விலங்குகள் ஒரே வளைவில் வர வேண்டும். தேன்கனிக்கோட்டையில் இரட்டைக்கொம்பு இரண்டு முறை வருகிறது, கடைசியில் ஐகாரக் கொம்பு. மாரண்டஹள்ளியில் ண், ட, ஹ, ள் என்று அகலமும் குறுகலும் கலந்து வருவதால் எழுத்துக்கிடையே சம இடைவெளி விடப் பழகலாம். ஊத்தங்கரை வாலுக்கும் காவேரிப்பட்டினம் எல்லாவற்றுக்கும் உதவும். பென்னாகரம், சூளகிரி, போச்சம்பள்ளி, ஒகேனக்கல் என்று ஒரு நாளைக்கு மூன்று பெயர், பெயருக்கு ஐந்து வரி. இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கை களைத்த பிறகு எழுதினால் தவறுதான் பழக்கமாகும்.

ஒவ்வொரு பெயரிலும் ஐந்து வரி எழுதியதும், நன்றாக வந்த ஒன்றை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். அது ஏன் நன்றாக இருக்கிறது என்று பார்த்தால் அடுத்த நாள் கைக்கு வழி தெரியும்.

வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பத்திர எழுத்தர்கள் கையால் எழுதிய காலத்தவை அவை. வேகமாக எழுதியும் சுழி அடையாமல், வரி கோணாமல் போயிருக்கும். லை, னை, ணை ஆகியவற்றை யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைத்துப் போட்டிருப்பார்கள். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது விடைபெற்ற வடிவங்கள் இவை. றா, னா, ணா மூன்றும் அதற்கு முன்பு காலோடு ஒட்டி வளைந்து எழுதப்பட்டவை. மனுவிலும் தேர்விலும் இன்றைய வடிவமே வேண்டும். ஆனால் வாழ்த்து மடலிலும் பெயர்ப்பலகையிலும் அந்தத் துதிக்கையை ஒரு முறை போட்டுப் பாருங்கள், அழகு தெரியும். தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் இருக்கும் நடுகற்களின் முன்னால் நின்று பார்த்தால், வட்டெழுத்தில் கல்வெட்டிய கை எப்படி வளைந்து போயிருக்கிறது என்பதையும் விரலால் காற்றில் பின்பற்றலாம்.

மூங்கில் பேனா

பெரிய எழுத்துக்கு, அதாவது தலைப்பு, வாழ்த்து, வாசல் பலகைக்கு, மூங்கில் பேனாவைப் போல ஒன்று இல்லை. பந்தலுக்கும் ஏணிக்கும் மூங்கில் விற்கும் இடத்தில் காய்ந்த துண்டு கேட்டு வாங்கலாம். காட்டுக்குள் போய் வெட்ட வேண்டாம், பெரும்பகுதி காப்புக்காடு. விரல் பருமனுள்ள, 10 முதல் 12 மி.மீ. குறுக்களவு கொண்ட முற்றிய மூங்கிலில் 18 செ.மீ. நீளம் போதும். பச்சை மூங்கில் காயும்போது கோணிவிடும்.

ஒரு முனையில் 3 செ.மீ. நீளத்துக்குச் சாய்வாகச் சீவிப் பாதிக் குழாயை எடுத்துவிடுங்கள். கத்தி எப்போதும் உடம்பை விட்டு வெளியே போக வேண்டும். அடுத்து, மிச்சமுள்ள பட்டையின் இரு பக்கத்தையும் குறுக்கி நுனி அகலத்தை 3 மி.மீ. ஆக்குங்கள். இப்போது உள்பக்கத்தை மட்டும் சீவி நுனியை மெலிதாக்க வேண்டும். வெளித்தோலைத் தொடவே கூடாது. மூங்கிலில் கெட்டியான பாகம் அந்தத் தோல்தான், எழுதும் விளிம்பு அதிலிருந்துதான் வர வேண்டும். தோலைச் சீவிவிட்டால் நுனி இரண்டு நாளில் தூரிகையாகிவிடும்.

நுனியிலிருந்து 12 மி.மீ. உள்ளே ஒரு சிறு துளை போட்டுவிட்டு, பிளேடால் நுனியிலிருந்து துளைவரை நடுவே பிளந்துவிடுங்கள். துளை இல்லாமல் பிளந்தால் பிளவு அடிவரை ஓடும். கடைசியாக, நுனியைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, கூரான பிளேடை நெட்டுக்குத்தாக ஒரே அழுத்தில் இறக்கி நேராக வெட்டுங்கள். 400 நம்பர் உப்புத்தாளில் விளிம்பை மூன்று இழுப்பு தேய்த்தால் தயார். பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து எழுதினால் மை நன்றாகப் பிடிக்கும். குளிர்பானக் கேனிலிருந்து 4 மி.மீ. அகலத்தில் வெட்டிய பட்டையை நெளித்து உட்புறம் சொருகினால் ஒரு முறை தோய்த்ததில் நான்கைந்து எழுத்து எழுதலாம்.

இந்த முனையில் கோட்டின் கனம் கோணத்தைப் பொறுத்தது. விளிம்பு வரிக்கு 45 டிகிரி சாய்ந்திருந்தால் நெட்டுக்கோடும் படுக்கைக்கோடும் ஒரே கனம். 30 டிகிரிக்குக் குறைத்தால் நெட்டுக்கோடு தடித்து, படுக்கைக்கோடு மெலியும். கால்கள் நிறைந்த ப, ம, ய-வுக்கு 30 கம்பீரம் தரும். எதை எடுத்தாலும் வளைவில் விளிம்பைத் திருப்பாதீர்கள், கோணம் மாறினால் எழுத்து கோணல் தட்டும். எழுத்தின் உயரம் முனையின் அகலத்தைப் போல ஆறு மடங்கு. 3 மி.மீ. முனைக்கு 18 மி.மீ.

பட்டை முனையை மேல்நோக்கித் தள்ளினால் தாளைக் கிழித்து மை தெறிக்கும். அதனால் ப-வை இரண்டு இழுப்பாக எழுதுங்கள்: இடக்காலும் அடியும் ஒன்று, வலக்கால் மேலிருந்து கீழே தனியாக. ம, ய எல்லாவற்றுக்கும் இதே வழி.

பேனா மை இதற்குத் தண்ணீர்ப்பதமாக ஓடும். நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் வாங்கி, ஒரு பங்கு பிசினை நான்கு பங்கு வெந்நீரில் இரவு ஊறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். 10 மில்லி மைக்கு ஐந்தாறு சொட்டு போதும். அதே கடையில் கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட் உப்பு) கிடைத்தால் பழைய கறுப்பு மையே செய்யலாம். 50 கிராம் கடுக்காய்த் தோலை இடித்து 250 மில்லி தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டி, ஆறிய பின் 15 கிராம் அன்னபேதியும் 10 கிராம் பிசினும் கரைக்க வேண்டும். பூசணம் பிடிக்காமல் இருக்க இரண்டு கிராம்பு. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுக் கறுக்கும். அன்னபேதி கூடினால் நாளடைவில் தாள் பழுத்து அரிபடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிசின் சேர்ந்த எந்த மையும் இங்க் பேனாவுக்குள் போகக் கூடாது.

எழுதி முடித்ததும் மூங்கிலை அலசித் துடைத்துப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். கோட்டின் ஓரம் மழுங்கத் தொடங்கினால் நுனியில் 1 மி.மீ. வெட்டிவிட்டு உப்புத்தாளில் தேய்த்தால் மறுபடி கூராகிவிடும். பிளவு குட்டையாகும்போது துளையைப் பின்னுக்குப் போட்டு மறுபடி பிளந்துகொள்ளலாம்.